லிட்டர் கணக்கில் கம்ப்யூட்டர்

2000-ஆம் ஆண்டில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்கள் கேபினெட்டைக் கடைசியில்தான் பார்த்தார்கள். பிராசஸர், போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் பேசி முடித்து, இன்னொரு நூறு ரூபாய் குறையுமா என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் பரணைக் காட்டி, "அதுல எது வேணுமோ எடுத்துக்கங்க சார்" என்பார். எல்லாம் ஒரே பழுப்பு வெள்ளை, உயரம்தான் வித்தியாசம். என் அப்பா யோசிக்காமல் இருப்பதிலேயே உயரமானதைக் கை காட்டினார். பி.எஃப். லோன் போட்டு வாங்கும் பொருள், தூக்கினால் கனக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. உள்ளே முக்கால்வாசி காற்று. அந்தக் காற்றுக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

இப்போது என் மகள் கேபினெட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள். அதுவும் லிட்டரில். பால் பாக்கெட், பெட்ரோல் வரிசையில் கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டது. கோயம்புத்தூர் பீளமேட்டில் இரண்டு தோழிகளோடு ஒரே அறை. மேஜையில் மூன்றில் ஒரு பங்குதான் இவளுக்கு. 20 லிட்டருக்குள் இருந்தால்தான் 'சின்னது' என்று மதிப்பார்களாம். இவள் கண் வைத்தது 10 லிட்டர் கேபினெட். விலையைக் கேட்டுவிட்டு, "காலி டப்பாவுக்கா?" என்றேன். "காலியா இருக்காதுப்பா, ஒரு இன்ச் கூட காலியா இருக்காது. அதுக்குத்தான் காசு" என்றாள். கடைசியில் 18 லிட்டர் சொச்சத்துக்கு வந்து நின்றோம். இந்தச் சந்தையில் லிட்டர் ஏற ஏற விலை இறங்கும்.

எதற்காக வாங்குகிறோம் என்று வீட்டில் சொல்லும் காரணம் மட்டும் பெரிதாக மாறவில்லை. நான் சிவில் படித்தேன். அப்பாவிடம் சொன்ன காரணம் ஆட்டோகேட். மனதில் இருந்தது குவேக் 3. அதற்கு 3டி கார்டு வேண்டும், கார்டு செருக ஏஜிபி ஸ்லாட் வேண்டும். அப்போது மலிவு கம்ப்யூட்டருக்கெல்லாம் கடைக்காரர்கள் தள்ளிவிட்டது இன்டெலின் 810 சிப்செட் போர்டு. கிராபிக்ஸ் அதிலேயே உண்டு, ஏஜிபி ஸ்லாட் கிடையாது. அதாவது, வீட்டில் பிள்ளை ஆட்டம் ஆடக் கூடாது என்று நினைக்கும் அப்பாக்களுக்காகவே செய்தது போன்ற போர்டு. ஸ்லாட்டோடு 815 அப்போதுதான் வந்திருந்தது. "ஆட்டோகேடுக்கு 815 இருந்தா நல்லதுப்பா" என்று நான் சொன்னதும் கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதிக விலைப் பொருள் என்பதால் அவரும் பலமாகத் தலையாட்டினார். கார்டு ஆறு மாதம் கழித்து, அப்பா ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

மகள் சொன்ன காரணம் மெஷின் லேர்னிங். கூடவே 'கூடா' என்று ஒன்றைச் சொன்னாள். என்விடியாவின் கார்டில் மட்டும் ஓடும் மென்பொருள் அடுக்காம். ஆக, அதே வேகத்துக்குக் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் ரேடியான் கார்டு பட்டியலிலிருந்து போயிற்று. அவள் ராத்திரி ஆடுவது வாலரன்ட். அதற்குக் கூடாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆனால் காரணம் சொன்ன பிறகு காரணத்துக்கு ஏற்ற சாமான் வாங்கியாக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் 815 காலத்திலிருந்தே நடைமுறை.

கார்டுக்குப் பேர் வைப்பதில் இந்தக் கம்பெனிக்காரர்களின் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். நான் வாங்கியது டிஎன்டி2 எம்64. அந்த 64 ஏதோ கூடுதல் சக்தி என்று எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் நம்பினார்கள். நிஜத்தில் அது மெமரிப் பாதையின் அகலம். அசல் டிஎன்டி2-வில் 128 பிட்; இதில் பாதி. குறைத்ததையே பெருமையாகப் பேரில் போட்டிருந்தார்கள். இன்றைக்கு ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டால் 8 ஜிபியிலும் உண்டு, 6 ஜிபியிலும் உண்டு. மெமரி 2 ஜிபி குறைவு, அவ்வளவுதானே என்று நினைப்போம். கோர்களும் குறைவு, பாதையும் 128-லிருந்து 96 பிட்டாகச் சுருங்கியிருக்கும். ஆனால் ஒன்று: அந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடுகிறது, தனியாகக் கரன்ட் கேபிள் வேண்டாம். சின்னப் பெட்டிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம், மற்றவர்களுக்கு ஏமாற்று. மகள் எடுத்தது 5060 டிஐ. அதிலும் 8, 16 என்று இரண்டு ஜாதி. 16-ஐ எடுக்கச் சொன்னவன் நான்.

போர்டு மினி-ஐடிஎக்ஸ். தைவானின் வியா கம்பெனி 2001-இல் கொண்டுவந்த அளவு அது. 17-க்கு 17 சென்டிமீட்டர். சத்தமில்லாமல், அதிகம் கரன்ட் தின்னாமல் ஓரமாகக் கிடக்கும் சாதுவான மெஷின்களுக்காகப் பிறந்தது. இன்று அதில் அதைவிட நீளமான கிராபிக்ஸ் கார்டைக் குத்தி நிறுத்துகிறார்கள். ரேமுக்கு இரண்டே துளை, கார்டுக்கு ஒன்றே ஒன்று. நான்கு துளையும் கூடுதல் ஸ்லாட்டும் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, அதே சிப்செட்டில், சில ஆயிரம் குறைவு. இல்லாததற்கு விலை வைக்கும் கலை நகைக்கடையில்கூட நான் பார்த்ததில்லை.

எஸ்எம்பிஎஸ் கதையும் அதேதான். அன்று அது கேபினெட்டோடு இலவசமாக வரும். 400 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நூறு வாட் தாண்டினால் கடவுள் விட்ட வழி. என்னுடையது ஒரு சித்திரை மதியம் லேசான புகையோடு விடைபெற்றது. வாங்கின கடையில் போய்க் கேட்டால், "ஃப்ரீயா வந்ததுக்கு வாரண்டியா தம்பி?" என்றார்கள். இன்று எஸ்எஃப்எக்ஸ் என்று உள்ளங்கை அகலத்தில் ஒன்று, கோல்டு முத்திரையோடு. தங்கம் என்று எழுதியிருப்பதாலோ என்னவோ விலையும் அந்தப் பக்கம்தான். ஆனால் சொன்ன வாட்டைக் கொடுக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இன்றைய காலமே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ரேம் விலைதான் வேடிக்கை. 1999 செப்டம்பரில் தைவானில் பெரிய நிலநடுக்கம். சிப் ஆலைகள் நின்று உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. நான் வாங்கப் போனது அடுத்த வருஷம். அப்போதும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பூமி ஆடிக்கொண்டுதான் இருந்தது: "தைவான்ல நிலநடுக்கம் சார், 64 எம்பிக்கு இதுக்கு மேல குறைக்க முடியாது." இப்போது நிலம் ஆடவில்லை. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, கடையில் ரேம் விலை மாதத்துக்கு மாதம் எகிறியது. மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த குருசியல் ரேம் வியாபாரத்தையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. மெஷின் லேர்னிங் படிக்கத்தான் கம்ப்யூட்டர் என்று மகள் சொல்ல, அந்த மெஷின் லேர்னிங்கே எங்கள் பட்ஜெட்டைத் தின்றது. 32 ஜிபி என்று எழுதியதை அடித்து 16 என்று எழுதினோம். அந்த அளவுக்கு அவள் காரணத்துக்கு உலகமே சாட்சி சொன்னது.

எங்கள் காலத்தில் 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ-வை 450-க்கு ஓட்டுவது வீரம். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்போம். இவர்கள் முழு விலை கொடுத்து வாங்கிய கார்டுக்கு வோல்டேஜைக் குறைக்கிறார்கள். சின்னப் பெட்டியில் சூடு தங்கும், குறைத்தால் சூடும் சத்தமும் இறங்கும், வேகம் பெரிதாகக் குறையாது என்கிறாள். சரிதான், நானே பார்த்தேன். டேபிள் ஃபேன் வைக்க அந்த மேஜையில் இடமும் இல்லை.

சின்னதாகத்தான் வேண்டும் என்பவர்கள் கடைக்குப் போகும் முன் கேபினெட்டில் நுழையும் கார்டின் நீளத்தையும் தடிமனையும் கூலரின் உயரத்தையும் மில்லிமீட்டரில் எழுதி எடுத்துப் போங்கள். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டில் மேஜைக்கடியில் இடம் இருக்கிறது என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் சாதாரண கேபினெட்டும் வாங்கி, மிச்சப் பணத்தை ரேமில் போடுங்கள்.