பாடும் பர்சன்டைலும்

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு உண்டு. இறால் நன்றாக விழுகிற இடங்களில் சுத்துவலை கட்டுவதற்கு மீனவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள். இன்று இவருக்கு, நாளை அவருக்கு. கோச்சிங் கிடையாது, கட்-ஆஃப் கிடையாது. உரிமையுள்ள சாதியில், உரிமையுள்ள ஊரில் பிறந்திருக்க வேண்டும். அந்த நுழைவுத் தேர்வு மட்டும் தொட்டிலிலேயே முடிந்துவிடும்.

அதே ஏரிப் பக்கத்துத் திருப்பாலைவனத்துப் பிள்ளை ஒன்று டாக்டராக ஆசைப்பட்டால் கணக்கு வேறு. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று தமிழகம் 2007-ல் நுழைவுத் தேர்வைத் தூக்கியது. பத்து வருடம்தான் நீடித்தது அது. 2017-ல் அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் வந்து உட்கார்ந்தது. மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து 2020-ல் மாநில அரசு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. 2022-ல் மாவட்டத் தலைநகர் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. கட்டடம் கிட்டே வந்துவிட்டது. சீட்டுதான் கோச்சிங் சென்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

நீட் எல்லாம் தரத்துக்காக என்றது டெல்லி. நல்லது. அதே டெல்லி 2023-ல், முதுநிலை இடங்கள் காலியாகக் கிடக்கின்றனவே என்று, முதுநிலை நீட்டின் தகுதிப் பர்சன்டைலைப் பூஜ்யமாக்கியது. தேர்வு எழுதிய அத்தனை பேரும் கலந்தாய்வுக்குத் தகுதி! தனியார் கல்லூரிக் கட்டணத்தில் மட்டும் பூஜ்யங்கள் குறைந்தபாடில்லை.