சூதாடிக் காத்த சரித்திரம்

தருமபுத்திரன் விவரம் கெட்டவன். சூதாடி நாட்டைத் தோற்றான். நாட்டைக் காப்பாற்றத்தான் சூதாட வேண்டும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல, அஸ்தினாபுரத்தில் அன்று கொலராடோக்காரர் ஒருவரும் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையில், எட்டாயிரம் அடிக்கு மேல், சென்ட்ரல் சிட்டி என்றொரு சிற்றூர். தங்கச் சுரங்கத்தால் பிறந்த ஊர். 1874இல் தீ அதைத் தின்றது. நான்கே ஆண்டில், 1878இல், அங்கே கல்லால் ஓர் ஆப்பரா அரங்கம் எழுந்தது. பகலில் பாறை உடைத்து, மாலையில் பாட்டுக் கேட்ட கார்ன்வால், வேல்ஸ் தொழிலாளர்களின் ஆசை அது. தங்கம் தீர்ந்தது, அரங்கம் ஓய்ந்தது. 1932இல் லிலியன் கிஷ் நடித்த நாடகத்தோடு மீண்டும் திறந்தது. ‘தி பேலட் ஆஃப் பேபி டோ’ ஆப்பரா 1956இல் அரங்கேறியதும் இங்கேதான்.

அரங்கம் பிழைத்தது, ஊர் இளைத்தது. உடனே கனவான்களுக்குச் சரித்திரத்தின் மேல் பாசம் பீறிட்டது. “பழைய கட்டடங்களைக் காக்கப் பணமில்லை, சூதாட விடுங்கள்” என்றார்கள். 1990இல் மாநில வாக்காளர்கள் தலையாட்டினார்கள். பந்தயம் ஒன்றுக்கு 5 டாலர்தான் உச்சம். சூதாட்ட வரியில் 28 விழுக்காடு சரித்திரப் பாதுகாப்புக்கு. எவ்வளவு அடக்கம்!

1991 அக்டோபரில் கல்லா திறந்தது. பாதுகாப்பு ஜரூராக நடந்தது. பழைய கட்டடங்கள் பலவற்றில் முகப்பை விட்டுவிட்டு உள்ளே இருந்ததை வழித்தெடுத்து, சூதாட்ட இயந்திரங்களை நிறுத்தினார்கள். சுளையைத் தின்றுவிட்டுப் பலாத்தோலில் ‘பாரம்பரியச் சின்னம்’ என்று பலகை மாட்டும் கெட்டிக்காரத்தனம்! பக்கத்து ஊர் பிளாக் ஹாக்கில், 1863இல் கட்டிய லேஸ் ஹவுஸைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். சரித்திரமும் கொஞ்சம் தள்ளித்தான் உட்காரட்டுமே!

அந்த 5 டாலர் அடக்கம் 2008 வாக்கெடுப்பால் 100 டாலரானது. உச்சவரம்பையே எடுத்துவிடவும் 2020 வாக்கெடுப்பு வழிவிட்டது. இத்தனைக்கும் அந்த வரிப்பணத்தில் மாநிலமெங்கும் எத்தனையோ பழைய கட்டடங்கள் பழுது நீங்கின. பலே! பலிகொடுத்த ஊரின் பேரில் ஊரெங்கும் அன்னதானம்.

சுரங்கக்காரன் மலையைத் தோண்டினான். ஓர் அரங்கத்தை விட்டுப் போனான். இவர்கள் வந்தவன் சட்டைப்பையைத் தோண்டுகிறார்கள். எதை விட்டுப் போவார்கள்?

550 பேர் உட்காரும் அரங்கத்துக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் வேண்டியது பொதுப்பணம். அதை நேராகக் கேட்க முதுகெலும்பில்லை. திருவோட்டில் சரித்திரத்தின் பெயர், கல்லாப்பெட்டியில் சூதாட்ட முதலாளியின் பெயர். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தவர்களிடமிருந்து சரித்திரத்தை யார் பாதுகாப்பது?