பெரியப்பாவின் காதும் வாத்திறகும்

கனடாவின் மார்க்கம் நகரில் கறிவேப்பிலை கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், ஸ்டீல்ஸ் வீதிப் பக்கம் போனால் ஒடியல் மாவும் கிடைக்கும். கோழியிறகுதான் கிடைக்காது. இங்கே கோழி கடைக்கு வரும்போதே உரித்து, கழுவி, பொலித்தீனுக்குள் அடக்கமாகக் கிடக்கும். ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாய்மனைக் கதிரையில் சரிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, இறகைக் காதுக்குள் விட்டுச் சுழற்றிய பெரியப்பாவுக்குப் புலம்பெயர்வால் வந்த பெரிய இழப்பு இதுதான்.

விடுவாரா? மில்ன் அணைக்கட்டுப் பூங்காவுக்கு நடக்கப் போனவர், கனடா வாத்து உதிர்த்த இறகொன்றோடு திரும்பினார். "தம்பி, சாமான் கொஞ்சம் மொத்தம். போகப் போகப் பழகீடும்" என்றார்.

காது குடைவது துப்புரவு வேலை என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது. அது சுகம். காதுக்குழாயின் தோலுக்கு வேகஸ் நரம்பின் கிளையொன்று வருகிறது. அங்கே தொட்டால் சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். பெரியப்பாவுக்கு முதலில் இருமல், பிறகு முத்தி. பழைய தில்லித் தெருக்களில் சிவப்புத் தலைப்பாகையும் பஞ்சும் கம்பியுமாகத் திரிந்த காது சுத்தக்காரர்கள் தலைமுறையாகப் பிழைத்தது அழுக்கை நம்பியல்ல, இந்தச் சுகத்தை நம்பித்தான் என்பது என் கட்சி.

குறும்பி ஊத்தையே இல்லை. குழாயின் வெளிப்பகுதியிலுள்ள சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. தூசியைப் பிடித்து வைக்கும், தோல் காயாமல் பார்க்கும். செவிப்பறையிலிருந்து தோல் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து பழையதை வாசலுக்குக் கொண்டுவரும். சாப்பிடும்போதும் கதைக்கும்போதும் அசைகிற தாடை அதற்குக் கைகொடுக்கும். எங்கள் வீட்டில் தாடைக்கு ஓய்வே கிடையாது. இருந்தும் பெரியப்பாவின் வலக்காது அடைத்துப்போனது. காது தள்ளி வெளியேற்றியதை இவர் இறகாலும், இறகு கைக்கு எட்டாதபோது கொட்டன் பட்டாலும் திரும்ப உள்ளே இடித்துக்கொண்டிருந்தார். குழாய்க்குள் விடாதீர்கள் என்று கொட்டன் பட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பெட்டியை யார் வாசிக்கிறார்கள்?

ஆலோசனைக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா மூங்கில் காதுக்கரண்டி ஒன்று தந்தார். குறும்பி ஈரமா உலர்ந்ததா என்பதை ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஓரெழுத்து மாற்றம் தீர்மானிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். கிழக்காசியர் பெரும்பாலானோருக்கு அது உலர்ந்த செதில், கரண்டியோடு வந்துவிடும். பெரியப்பாவினது ஒட்டுகிற வகை. கரண்டி தோற்றது. அடுத்து ஒரு மாமி, காதில் செருகிக் கொளுத்தும் மெழுகுதிரியைச் சிபாரிசு செய்தார். அதனால் பயனில்லை, தீக்காயம்தான் வரும் என்று ஹெல்த் கனடா எச்சரித்திருக்கிறது. பெரியப்பாவின் தலைமாட்டில் தீ வைக்கும் யோசனையைப் பெரியம்மா மட்டும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் டொக்டர். செவிப்பறையில் ஓட்டை இல்லை, சீழ் இல்லை என்று பார்த்த பிறகே, சில நாள் ஒலிவ் எண்ணெய் விட்டு இளக்கிக்கொண்டு வரச் சொன்னார். மறுமுறை போனபோது தாதி தண்ணீரின் சூட்டை அளந்தார். உடம்பின் சூடு, 37 பாகை. "பச்சைத் தண்ணி காணாதோ?" என்றார் பெரியப்பா.

காணாது. வியன்னாவில் ரொபர்ட் பாரானி என்ற டொக்டர் காது கழுவும்போதெல்லாம் நோயாளிகள் தலை சுற்றுது என்று முறையிட்டார்கள். தண்ணீர் குளிர்ந்தால் கண்மணி ஒரு பக்கமும், சூடானால் மறுபக்கமும் துடிப்பதை அவர் கவனித்தார். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பின் வேலை அதிலிருந்து பிடிபட்டது. 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசும் வந்தது. செய்தி எட்டியபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி. இவ்வளவையும் நான் பெரியப்பாவின் வலப்பக்கம் நின்று சொல்லி முடித்தேன். "ஆர் கைதி?" என்றார்.

தண்ணீர் பாய்ந்தது. கட்டி விழுந்தது, கூடவே வாத்திறகின் நாரும் ஒன்று. டொக்டர் அதை இடுக்கியால் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "இவ்வளவும் என்ர காதுக்கையோ கிடந்தது!" என்று படம் எடுப்பித்து, ஒரு விளக்கமும் எழுதாமல் நெல்லியடியிலுள்ள தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாங்கள் வீடு போய்ச் சேர முதலே பதில் வந்துவிட்டது.

"நல்ல பழப்புளியாக் கிடக்கு அண்ணை. அங்க கிலோ என்ன விலை?"