உட்பையில் ஒரு பெயர்

கே: ஹைதராபாத்தில் பழைய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் உடுப்பு கிடைக்குமா? (வாசகர், மாரேட்பள்ளி)

ப: பொறுமை இருந்தால் கிடைக்கும். உங்கள் செகந்திராபாத்தே 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரில் எழுந்த கன்டோன்மென்ட்தானே! சிப்பாய்க்கு உடுப்பு கொடுத்தது சர்க்கார். அதிகாரி கைக்காசு போட்டுத் தைத்துக்கொண்டார். அதனால் அது அவர் சொந்தச் சொத்து. வியாழக்கிழமை ஜுமேராத் பஜாரில் தேடத் தொடங்குங்கள். கோட்டிலிருந்து பொத்தானை வெட்டி விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். அது அந்தக் கோட்டைக் கொல்வது.

கே: அசலா, நாடக உடுப்பா, எப்படித் தெரிந்துகொள்வது?

ப: மார்பு உட்பைக்குள் பாருங்கள். நல்ல தையற்காரர் தைத்ததாக இருந்தால், உள்ளே இருக்கும் துணிச்சீட்டில் அதிகாரியின் பெயரும் தேதியும் மையில் எழுதியிருக்கும். அந்தப் பெயரை அந்த வருஷத்து ராணுவப் பட்டியலில் தேடினால் எந்த ரெஜிமென்ட் என்பது தெரிந்துவிடும். அடுத்து பொத்தான். 1901 முதல் 1952 வரை மன்னர்கள் காலத்துக் கிரீடத்தில் வளைவு மேல்நோக்கி உருண்டிருக்கும். எலிசபெத் காலத்தில் நடுவே பள்ளம் விழுந்துவிட்டது. ‘1930-ம் வருஷக் கோட்டு’ என்று பள்ளக் கிரீடத்தைக் காட்டினால் விலையே கேட்காமல் நகருங்கள்.

கே: அடிமைச் சின்னத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும்?

ப: அதற்காக நம்மவர் ரத்தம் சிந்தியதால். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்ததற்குப் பெரிய காரணம் ஓர் உடுப்பு உத்தரவு: புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது. அதே தலைப்பாகை ஹைதராபாத்தில் இருந்த மதராஸ் சிப்பாய்களையும் கொதிக்க வைத்தது. அங்கே தளபதி உத்தரவைத் திரும்பப் பெற்றார். வேலூர் அங்கே நடக்கவில்லை. ஒரு முழம் துணி ஓர் அரசாங்கத்தையே ஆட்டிய கதையைத் துணி இல்லாமல் எப்படிச் சொல்வது?

கே: உடுப்பைக் கழற்றி வைத்த வெள்ளை அதிகாரி உண்டா?

ப: கிர்க்பாட்ரிக். கம்பெனிப் படையின் லெப்டினன்ட் கர்னல், 1805-ல் இறக்கும்வரை ஹைதராபாத் ரெசிடென்ட். வீட்டில் முகலாய உடை, மணந்தது கைருன்னிசாவை. கோட்டியில் இருக்கும் ரெசிடென்சி மாளிகை அவர் எழுப்பியது.

கே: ஜரிகை கறுத்துவிட்டது. பிராசோ போடலாமா?

ப: கூடவே கூடாது! அது தங்க முலாம் பூசிய வெள்ளிக் கம்பி; தேய்த்தால் முலாம் போய்விடும். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். உண்மையான எதிரி அந்துப்பூச்சி. காலர் மடிப்பிலும் அக்குளிலும்தான் முதலில் அரிக்கும். பூச்சி தெரிந்தால் பாலிதீனில் இறுகக் கட்டி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மழைக்காலத்தில் பாலிதீனிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கே: ரிசப்ஷனுக்குப் போட்டுக்கொள்ளலாமா?

ப: அக்குள் தையல் தாங்காது. புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

கே: லண்டனில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா?

ப: நூறு வருஷம் தாண்டிய சரித்திரப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. வயதில் சந்தேகம் என்றால் முதலில் தொல்லியல் துறையிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். தம்பியை இங்கே வரச் சொல்லிக் காட்டுவது அதைவிடச் சுலபம்.