குச்சியை இழுத்துப் பார், மருமோன்

வா மருமோன், வந்து வாங்கில இரு. பஜேரோவை ஒழுங்கை முடக்கில விட்டிட்டு ஏன் நடந்து வாறாய் எண்டு நான் கேக்க மாட்டன். ஆறு பெடியள் வேர்த்து விறுவிறுக்க அதைத் தள்ளினதை ஊரே பாத்தது. பக்கத்து வளவுக் கிடாய்கூட மேயிறதை விட்டிட்டு நிண்டு பாத்தது.

கராஜ்காரன் என்ன சொன்னவன்? கியர்பொக்ஸ் முடிஞ்சுது, கொழும்பில பஞ்சிகாவத்தையில ஒரு பெட்டி பாத்து வைச்சிருக்கிறன், அட்வான்ஸைத் தா எண்டானோ? கெட்டிக்காரன். பொனற்றைத் திறந்தவனோ? இல்லை. முந்தி எங்கட ஊரில ஒரு பரியாரி இருந்தவர். நாடி பிடிக்க மாட்டார். வீடு ஓடோ ஓலையோ எண்டு பாத்துத்தான் வருத்தத்துக்குப் பேர் வைப்பார். உன்ர கராஜ்காரன் அவற்ற பரம்பரையாக்கும்.

சரி, தள்ளி ஸ்ராட் பண்ணலாம் எண்டு உனக்கு ஆர் சொன்னது? என்ர பழைய ஒஸ்ரினைத் தள்ளினா ஸ்ராட் வரும். அதில கிளச் இருந்தது. சில்லு உருள எஞ்சினும் உருளும். உன்ர ஓட்டோ கியரில, நிண்ட இடத்தில, எஞ்சினுக்கும் கியர்பொக்சுக்கும் நடுவில இருக்கிறது ஒயில் மட்டும்தான். ரோர்க் கொன்வேட்டர் எண்டு பூசணிக்காய் மாதிரி ஒரு சாமான். எஞ்சின் பக்கத்துச் செட்டை ஒயிலை அடிக்கும், அந்த ஒயில் போய் மற்றப் பக்கத்துச் செட்டையைச் சுத்தும். ரெண்டு மேசை விசிறியை எதிரெதிரா வைச்சு ஒண்டுக்குக் கறன்ற் குடுத்தா மற்றதும் மெல்லச் சுத்துமே, அதுதான். ஒயிலை அமத்துற பம்பை ஓட்டுறதும் எஞ்சின்தான். எஞ்சின் நிண்டா பம்ப் இல்லை, பம்ப் இல்லாட்டி உள்ள ஒரு கிளச்சும் பிடிக்காது. ஆறு பேரில்லை, தேருக்கு வந்த சனம் முழுக்கத் தள்ளினாலும் அது அசையும், ஸ்ராட் வராது.

உன்னிலயும் பிழை சொல்ல ஏலாது. 1990களில, பொருளாதாரத் தடை நேரம், யாழ்ப்பாணத்தில காரை மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்கள் நாங்கள். சின்னப் போத்தலில பெற்றோல் வைச்சு, கார்பிரேற்றருக்குள்ள சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணிப் போட்டு, மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகையில பின்னால வாறவனுக்கு றோட்டே தெரியாது. அந்தப் புழுகை நூறு தரம் சொல்லிச் சொல்லி, எந்த எண்ணெயை விட்டாலும் வாகனம் ஓடும் எண்டு உங்களை நம்பப் பண்ணிப்போட்டம். இல்லாட்டி மெசி ட்ரக்ரருக்கு வாங்கி மிஞ்சின ஒயில் கலனை நீ ஏன் பஜேரோவுக்குக் கிட்டக் கொண்டு போனனீ? நான் இருமினதைக் கேட்டுத்தானே திருப்பி வைச்சாய். 1991இல வந்த உந்தப் பஜேரோவின்ர நாலு கியர்ப் பெட்டிக்கு டெக்ஸ்ரன் சாதி ஒயில் வேணும். சிவப்பா இருக்கும். உள்ளுக்குள்ள கிளச் தட்டுகளைப் பிடிக்கிறதும், எந்தக் கியர் எண்டு வால்வைத் தள்ளுறதும், சூட்டைக் காவுறதும் அதே ஒயில்தான். அதை மாத்தி விட்டா, கையையும் காலையும் சேத்து மாத்தினமாதிரி.

இப்ப குச்சிக்கு வருவம். எஞ்சின் ஒயில் குச்சியை எஞ்சினை நிப்பாட்டிப் போட்டுப் பாக்கிறது. கியர்பொக்ஸ் ஒயில் குச்சியை அப்பிடிப் பாத்தா பொய் சொல்லும். சம நிலத்தில விடு, ஹாண்ட் பிரேக்கை இழு, நல்லா ஓடிச் சூடான பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதிச்சபடி லீவரை எல்லாக் கியருக்கும் ஒருக்காக் கொண்டுபோய் வந்து நியூற்றல்ல விடு. பிறகு குச்சியை இழு, துடை, திருப்பிச் செருகி இழு. சூட்டுக் கோடு ரெண்டுக்கும் நடுவில நிண்டாச் சரி. குறைஞ்சா பம்ப் காத்தை உறிஞ்சும், கியர் வழுக்கும். கூடினாலும் வழுக்கும்: கியர் ஒயிலைக் கடைஞ்சு நுரையாக்கிப் போடும். துடைக்க என்ர சாரத்தை எடுக்காத. ஒரு நூல் உள்ள போனாலும் வால்வில போய்ச் சிக்கும்.

பாத்தாப் போதாது, மணந்து பார். கறுத்து, அடிப்பிடிச்ச பால் மாதிரி மணந்தா கிளச் தட்டு கருகியிட்டுது. அப்ப பஞ்சிகாவத்தைக் கதை உண்மைதான். ரோஸ் நிறத்தில மில்க் ஷேக் மாதிரி இருந்தா, றேடியேற்றருக்குள்ள ஒயில் ஆறப் போற குழாய் ஓட்டையாகித் தண்ணி கலந்திட்டுது. அப்ப ஒரு மைல்கூட ஓடாத. ஆனா கண்டியோ, அனேகமான கிழட்டு ஜீப்புகளில ஒயில் சும்மா பழசாகித்தான் இருக்கும். ஒயில் சட்டி ஆணியைக் கழட்டினா வாறது பாதிதான், மற்றப் பாதி பூசணிக்காய்க்குள்ள நிக்கும். அதால ரெண்டு மூண்டு தரம் விட்டு விட்டு மாத்து. சட்டிக்குள்ள காந்தத்தில சாம்பல் களி இருந்தாப் பயப்பிடாத. இரும்புச் சீவல் மினுங்கினா மட்டும் வந்து சொல்லு, ரெண்டு பேரும் சேந்து அழுவம்.

போன மாரிக்கு வயல் சேத்தில புதைஞ்ச உடன என்ன செய்தனீ? முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு, பின்னுக்கு எண்டு கால் மணித்தியாலம் கோயில் வாசலில தூக்குக் காவடி மாதிரி ஆடினாய். அந்த வேகமெல்லாம் ஒயிலில சூடாத்தான் இறங்கும். லோ கியர் லீவர் என்னத்துக்கு, அழகுக்கோ? ஓட்டோ ஒயில் சூடு எண்டு லைற் எரிஞ்சா எஞ்சினை நிப்பாட்டாத. லீவரைப் பார்க்கில போட்டு ஐடிலில விடு. ஒயில் சுத்தி றேடியேற்றரில போய் ஆறட்டும். நிப்பாட்டினா சூடு உள்ளுக்கே கிடந்து வேகும்.

இனி விசயத்துக்கு வாறன். நீ காலமை மாமியோட புட்டுத் திண்டுகொண்டிருந்த நேரம் நான் ஒழுங்கைக்குப் போனனான். திறப்பை நீ வாகனத்திலயே விட்டிட்டாய், அது வேற கதை. பார்க்கில திருப்பினன், ஒரு சத்தமும் இல்லை. நியூற்றல்ல போட்டுத் திருப்பினன், அரைச் சுத்தில ஸ்ராட். கியர்பொக்ஸ் பக்கத்தில வெளியால, லீவர் எந்த இடத்தில நிக்குது எண்டு பாக்கிற சுவிச் ஒண்டு இருக்கு. உன்ர காவடியில அதுக்க சேறு பூந்து, ஆளும் கொஞ்சம் இடம் மாறிப்போட்டார். கழுவிக் காயவிட்டு, ஆணியை இளக்கிச் சரியான இடத்துக்குத் திருப்பி இறுக்கினா முடிஞ்சுது. குச்சியும் பாத்தன். சிவப்பு, கருகல் மணம் இல்லை, கொஞ்சம் குறைவு.

பெடியள் சொன்னாங்கள், நீ அதை வவுனியா மட்டும் ட்ரக்ரரில கயிறு கட்டி இழுக்கப் போறாயாம். நாலு சில்லும் உருள, பம்ப் ஓடாமல், சொட்டு ஒயில் சுத்தாமல் அவ்வளவு தூரம் போனா, உண்மையிலயே ஒரு பெட்டி வாங்க வேண்டித்தான் வரும். அதுக்குத்தான் கராஜ்காரன் காத்துக்கொண்டிருக்கிறான்.

அட்வான்ஸ் குடுத்திட்டியோ? முகத்தில தெரியுது. எழும்பு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வா. பஜேரோவிலேயே போ, நியூற்றல்ல போட்டு ஸ்ராட் பண்ணு.