ரோபோ கால்கள்

கேள்வி: இடுப்புக்குக் கீழே செயலிழந்தவரை நடக்க வைக்கும் ரோபோ உடை நிஜமா, சினிமா சமாசாரமா?

பதில்: நிஜம்தான். 'ரீவாக்' என்ற அந்த உடையை உருவாக்கியவர் இஸ்ரேல் பொறியாளர் அமித் கோஃபர். உடலைச் சற்று முன்னே சாய்த்தால் சென்சார் புரிந்துகொள்ளும். இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் காலை எடுத்து வைக்கும். 2012-இல் இதை அணிந்துதான், கால்கள் செயலிழந்த கிளேர் லோமஸ் என்ற பெண் லண்டன் மாரத்தான் தூரத்தை நடந்து முடித்தார். இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. ஆனால் கைதட்டல் முதலில் ஓடி வந்தவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்திருக்காது!

ஒரு முரண்: விபத்தில் கைகால் செயலிழந்த கோஃபரால் இதை அணிய முடியாது. இந்த உடையில் நடக்க ஊன்றுகோலும் தேவை; அதைப் பிடிக்கக் கையில் வலு வேண்டுமே! மனிதர் அசரவில்லை, தன்னைப் போன்றவர்களை நிற்க வைக்கும் சக்கர நாற்காலியையும் உருவாக்கினார். ஊருக்குப் பந்தி போட்டவர், தனக்குச் சோறில்லை என்றதும் மறுபடி உலை வைத்துவிட்டார்!