நூறு முறை எழுது

பையன் 'பலகை'யைப் 'பகலை' என்று எழுதினால் கடலூரானாலும் சிதம்பரமானாலும் வைத்தியம் ஒன்றுதான். பள்ளியில் நூறு முறை இம்போசிஷன். நூறும் 'பகலை'யாகவே வரும். வீட்டில் வல்லாரைக் கீரை. ஊரிலிருந்து வரும் மாமா, "செல்போனைப் பிடுங்குங்க" என்பார். அதற்கும் மசியாவிட்டால் நடராஜருக்கு அர்ச்சனை, கூடவே இன்னொரு டியூஷன். அதே சிதம்பரம் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஓலைகளில் பெரும்பகுதியைக் கரையான் தின்றது என்பார்கள். எஞ்சியதைப் போற்றி ஓதுகிறோம். போனது எங்கே என்று யாரும் ஓலையைப் பிரம்பால் அடித்ததில்லை.

படிக்கவும் எழுதவும் இப்படித் தடுமாறும் கற்றல் குறைபாட்டுக்கு டிஸ்லெக்சியா என்று ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1880-களிலேயே பெயர் வைத்துவிட்டார். நமக்குச் 'சோம்பேறி' என்ற பெயரே வசதி. 2007-இல் இப்படியொரு சிறுவனைப் பற்றிய 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்துக் கண்ணைத் துடைத்தவர்களும் வீட்டுக்கு வந்து ரேங்க் கார்டைத்தான் கேட்டார்கள்.

சட்டம் பரவாயில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் கற்றல் குறைபாடும் இடம்பெற்றது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆளும் உண்டு. ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடாமல், இந்த வாரமே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.